ஹாம் வானொலியில் ‘விண்வெளி நெட்’: அது என்ன, எப்படி நடக்கிறது?

“எங்கள் கிளப்பில் வாரம் ஒருமுறை விண்வெளி நெட் உண்டு” என்று ஒரு ஹாம் வானொலிக்காரர் சொன்னால், கேட்பவர் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத்தான் நினைத்துக்கொள்வார். இணையத்தில் நடக்கும் ஏதோ கூட்டம் என்று ஒருவர். விண்வெளி வீரர்களோடு பேசுகிறார்கள் போலிருக்கிறது என்று இன்னொருவர். ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் வானொலி நிகழ்ச்சி என்று மூன்றாமவர். மூன்றுமே சரியில்லை. ஆனால் மூன்றிலும் உண்மையின் ஒரு நுனி ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழப்பம் விலகாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

இந்தக் கட்டுரை இதுவரை வானொலிக் கருவியைத் தொட்டே பார்க்காதவருக்காக எழுதியது. நெட் என்றால் என்ன, அதில் ஏன் இத்தனை ஒழுங்கு, வானியலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

ஹாம் என்பவர் யார்?

லாபத்துக்காக இல்லாமல், கற்றுக்கொள்ளவும் சோதித்துப் பார்க்கவும் மற்றவர்களோடு பேசவும் வானொலிக் கருவியை இயக்குபவர்தான் ஹாம். அமெச்சூர் வானொலிக்காரர் என்றும் சொல்வார்கள். இந்தப் பொழுதுபோக்குக்கென்றே உலக அளவில் சில அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பேச வேண்டுமானால் தேர்வு எழுதி, அரசிடம் உரிமம் வாங்க வேண்டும். உரிமத்தோடு ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த குறி அது. உலகத்தில் வேறு யாருக்கும் அதே குறி இருக்காது. அதன் தொடக்கத்தைக் கேட்டாலே நாடு தெரிந்துவிடும். ‘வி.யு.’ என்றால் இந்தியா, ‘4 எஸ்’ என்றால் இலங்கை, ‘9 வி’ என்றால் சிங்கப்பூர்.

அலைவரிசை என்ற சொல்லை இங்கேயே தெளிவாக்கிக்கொள்வோம். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து ஆட்டினால் அதில் அலை ஓடும். நொடிக்கு எத்தனை முறை ஆட்டுகிறோமோ அதுதான் அந்த அலையின் அதிர்வெண். வானொலி அலைகள் நொடிக்குப் பத்து லட்சக்கணக்கில் அதிர்வதால், பத்து லட்சத்தை ஒரு மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்கிறோம். 145 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு பதினான்கரைக் கோடி அதிர்வுகள். இப்படி ஓர் எண்ணில் கருவியை நிறுத்தி வைக்கும் இடத்தைத்தான் பேச்சுவழக்கில் அலைவரிசை என்கிறோம்.

ஹாம் பேச்சுக்கு இரண்டு முக்கியமான வரம்புகள் உண்டு. அதில் வியாபாரம் செய்யக் கூடாது. பொருள் புரியாதபடி பேச்சை ரகசியக் குறியாக மாற்றி அனுப்பவும் கூடாது. ஆகவே நெட் என்பது இயல்பிலேயே கதவில்லாத கூட்டம். யார் வேண்டுமானாலும் காது கொடுக்கலாம் என்று தெரிந்தேதான் பேசுகிறார்கள்.

விளக்கில்லாத அறை

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்யுங்கள். விளக்கே இல்லாத ஓர் அறையில் இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் முகமும் தெரியவில்லை. சாதாரணக் கூட்டத்தில் நம் கண் எவ்வளவு வேலை செய்கிறது என்பது அங்கேதான் புரியும். ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தால், மூச்சை இழுத்தால், கையைத் தூக்கினால், அவர் பேசப்போகிறார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. நாமும் விட்டுக்கொடுக்கிறோம். இருட்டில் அந்த வசதி போய்விடும்.

இதோடு இன்னொரு நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பேசுகிறவருக்கு, பேசும் நேரத்தில் காது கேட்காது. வானொலியில் இருக்கும் நிலைமை இதுதான்.

கருவியின் மைக்கில் ஒரு பொத்தான் இருக்கும். பி.டி.டி. என்பார்கள். அழுத்தினால் கருவி அனுப்பும், விட்டால் கேட்கும். ஒரே அலைவரிசையில் இரண்டையும் ஒருசேரச் செய்யாது. நம் கருவி வெளியே தள்ளும் ஆற்றல் சில வாட். தூரத்திலிருந்து ஆண்டெனாவில் வந்து விழும் சமிக்ஞையோ அதில் கோடானுகோடியில் ஒரு பங்குகூட இருக்காது. காதோரம் மேளம் அடித்துக்கொண்டே அடுத்த அறையில் ஊசி விழும் ஓசையைக் கேட்க முடியுமா?

சரி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? பக்கத்து ஊர்களோடு பேச ஹாம்கள் பெரும்பாலும் அதிர்வெண் பண்பேற்ற (எஃப்.எம்.) முறையில் பேசுகிறார்கள். பண்பலை வானொலியும் இதே முறைதான். இந்த முறைக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. இரண்டு சமிக்ஞைகள் மோதினால் வலுவானது மட்டும் கேட்கும், மெலிந்தது அடையாளமே இல்லாமல் மறைந்துபோகும். இரண்டும் ஏறக்குறைய ஒரே வலுவில் இருந்தால் யார் பேச்சும் கேட்காது, கிறீச்சென்ற ஒலிதான் மிஞ்சும். ஹாம்கள் இதை ‘டபுளிங்’ என்கிறார்கள். மோதல் நடந்தது கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மோதிய இருவருக்கு மட்டும் தெரியாது. இருவருமே தான் பேசியது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி, பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

நெட்டின் எல்லா நடைமுறைகளும் இந்த ஒரு சிக்கலிலிருந்து முளைத்தவை. வெளியிலிருந்து கேட்பவருக்கு அவை ராணுவக் கட்டளை மாதிரியோ வெறும் சம்பிரதாயம் மாதிரியோ தோன்றலாம். உண்மையில் இருட்டறையில் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நடக்கச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

நெட் கண்ட்ரோல்: கூட்டத்தின் கண்

ஒரு குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில், ஒருவர் ஒழுங்குபடுத்த, பலர் முறைவைத்துப் பேசும் கூட்டம்தான் நெட். வலை என்று பொருள்படும் இந்தச் சொல் இணையம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே வானொலிக்காரர்களிடம் புழங்கியது. ஒழுங்குபடுத்துபவருக்கு நெட் கண்ட்ரோல் என்று பெயர். அந்த இருட்டறையில் அவர்தான் எல்லோருக்கும் கண்.

தொடங்கும்போது அவர் ஒரு சிறிய முன்னுரை வாசிப்பார். நெட்டின் பெயர், நோக்கம், யாரெல்லாம் சேரலாம், எப்படிச் சேரலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்து அவசரச் செய்தி யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சில நொடிகள் காத்திருப்பார். வாராவாரம் யாரும் பதில் சொல்லாவிட்டாலும் இந்தக் கேள்வியை விடமாட்டார்கள். விடாமல் இருப்பதுதான் சரி.

அப்புறம் செக்-இன். ‘நான் இருக்கிறேன்’ என்று வருகைப் பதிவு செய்வது. அழைப்புக்குறியைச் சொன்னால் போதும். வண்டியில் இருப்பவர்களையும் சீக்கிரம் கிளம்ப வேண்டியவர்களையும் முதலில் கூப்பிடுவது வழக்கம். எழுத்துகளை அப்படியே சொன்னால் இரைச்சலில் ‘பி’யும் ‘டி’யும் ஒன்றாகக் கேட்கும். அதனால் ‘பிராவோ’, ‘டெல்டா’ என்று எழுத்துக்கு ஒரு சொல்லாகச் சொல்வார்கள். நெட் கண்ட்ரோல் குறித்துக்கொண்டு, குறித்ததைத் திரும்பப் படிப்பார். மோதலில் காணாமல்போன குறி எது என்பது அப்போதுதான் வெளிவரும். விட்டுப்போனவர் மீண்டும் அழைப்பார்.

பட்டியல் தயாரான பிறகு ஒவ்வொருவராக மைக் போகும். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் உடனே பொத்தானை அழுத்தமாட்டார், ஓரிரு நொடி இடைவெளி விடுவார். புதிதாகச் சேர நினைப்பவருக்கும், உண்மையான அவசரம் உள்ளவருக்கும் அந்த இடைவெளிதான் வாசல். தொடக்கக்காரர்கள் மிக எளிதாக மறந்துவிடுவதும் இதைத்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும், பேசுகிறவருக்கு மற்றவர் குரல் கேட்காது, ஆகவே முறைவைக்க ஒருவர் வேண்டும். வானொலி நிகழ்ச்சியில் பேசுவது ஒருவர், கேட்பது பலர். நெட்டில் கேட்கிற ஒவ்வொருவருக்கும் பேசும் முறை வரும்.

பக்கத்து ஊர் எட்டாது, விண்வெளி எட்டும்

இனி தூரம். தொடக்கநிலை ஹாம் கையில் இருப்பது பெரும்பாலும் ஐந்து வாட் திறனுள்ள கையடக்கக் கருவி. 145 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகள் ஏறக்குறைய ஒளி மாதிரி நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால், சமதரையில் நிற்கும் ஒருவரின் கருவிக்கு ‘அடிவானம்’ ஐந்து கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். இருவர் நின்று பேசினால் பத்து கிலோமீட்டர். நடுவில் கட்டடமும் மேடும் இருந்தால் அதுவும் கிடையாது.

இதற்குத் தீர்வு ரிப்பீட்டர். உயரமான இடத்தில் நிற்கும் தானியங்கிக் கருவி அது. ஓர் அலைவரிசையில் கேட்பதை அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் வலுவாகத் திருப்பி அனுப்பும். மலை உச்சியில் ஒருவர் நின்று, கீழே இருப்பவர் சொல்வதை மறுபக்கப் பள்ளத்தாக்குக்கு உரக்கச் சொல்வது மாதிரி. கிளப்புகள் நடத்தும் உள்ளூர் நெட்டுகளில் பெரும்பாலானவை ரிப்பீட்டர் வழியாகத்தான் நடக்கின்றன.

இங்கேதான் புதியவர்களுக்கு நம்பவே முடியாத ஒரு விஷயம் வருகிறது. பக்கத்து ஊரை எட்டாத அதே ஐந்து வாட் கருவியின் அலை சர்வதேச விண்வெளி நிலையத்தை எட்டும். நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அது நம் தலைக்கு மேல் வரும்போது இடையில் மலை, கட்டடம், பூமியின் வளைவு எதுவும் இல்லை. வானொலி அலையை நிறுத்துவது பெரும்பாலும் தூரத்தைவிட நடுவில் நிற்கும் தடைதான். இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ‘தொலைவு’ என்ற சொல்லின் பொருளே மாறிப்போனது. மேலே பார்த்தால் வானம் திறந்து கிடக்கிறது. வானொலிக்காரருக்குப் பல நேரங்களில் அடுத்த மாவட்டத்தைவிட விண்வெளிதான் பக்கம்.

கிளப்புகளில் வானத்தைப் பற்றிப் பேச விண்வெளி நெட் என்று தனியாக ஒன்று நடப்பது ஏன் என்பதற்கு நான் முதலில் சொல்லும் பதில் இதுதான். வானத்தைப் பற்றிப் பேசுவது அவர்களுக்குத் தொழில்நுட்பப் பேச்சு. அவர்கள் அனுப்பும் அலை போகிற பாதையிலேயே வானம் இருக்கிறது.

நிலையம் கடந்து போகும் பத்து நிமிடம்

விண்வெளி நெட்டில் அதிகம் கேட்கப்படும் கேள்வி, “அடுத்த பாஸ் எப்போது?” என்பதாகத்தான் இருக்கும். விண்வெளி நிலையமோ செயற்கைக்கோளோ ஓர் அடிவானத்தில் எழுந்து மறு அடிவானத்தில் மறையும் பயணத்துக்குத்தான் பாஸ் என்று பெயர். நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலான நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடுகிறது. நம் வானத்தில் அது இருப்பது நல்ல பாஸிலும் ஏறக்குறைய பத்து நிமிடம்தான்.

நிலையத்தில் ஹாம் கருவிகள் இருக்கின்றன. அங்கிருந்து வரும் குரலை 145.800 மெகாஹெர்ட்ஸில் கேட்கலாம். விண்வெளியிலிருந்து ஹாம் வானொலியில் முதன்முதலில் பேசியவர் ஓவன் கேரியட். 1983இல் கொலம்பியா விண்கலத்தில் பறந்தபோது பேசினார். நிலையத்திலிருந்து பள்ளி மாணவர்களோடு பேசும் ஏற்பாடு 2000 டிசம்பரில் தொடங்கியது. அதைப் பத்து நிமிடக் கேள்வி-பதில் என்று சொல்லலாம். முன்கூட்டியே திட்டமிட்டு, மாணவர்கள் வரிசையில் நின்று, நிலையம் அடிவானத்தைத் தாண்டுவதற்குள் கேட்டு முடிப்பார்கள். நெட் ஒழுங்கு பழகிய ஹாம்கள்தான் தரையில் இதை நடத்திக்கொடுக்கிறார்கள். விண்வெளி நெட்டில் விண்வெளி வீரரோடு பேசுவார்கள் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். வழக்கமான வார நெட்டில் இருப்பவர்கள் எல்லோரும் தரையில் இருப்பவர்கள்தான்.

பாஸைக் கேட்கும்போது அலைவரிசை மெதுவாக நழுவும். ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒலி கூர்மையாகவும், கடந்து போனதும் தாழ்ந்தும் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். நெருங்கி வருவதன் அலைகள் நெருக்கப்படுகின்றன, விலகிப் போவதன் அலைகள் இழுபடுகின்றன. இதுவே டாப்ளர் விளைவு. நிலையம் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் பறப்பதால் அதன் வானொலி அலைக்கும் இது நேர்கிறது. 145.800இல் வரும் சமிக்ஞை எழும்போது சுமார் 3.5 கிலோஹெர்ட்ஸ் மேலேயும், மறையும்போது அதே அளவு கீழேயும் இருக்கும். ஒரு கிலோஹெர்ட்ஸ் என்பது மெகாஹெர்ட்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 437 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகளில் இந்த நழுவல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். அங்கே கைவிரலால் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். விண்மீன் நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்று வானியலாளர்கள் அதன் ஒளியை வைத்துச் சொல்வதும் இதே விளைவால்தான். அதை உங்கள் கையில் இருக்கும் கருவியில், பத்து நிமிடத்துக்குள், நீங்களே உணர முடிகிறது.

சூரியனின் எண்கள்

பல விண்வெளி நெட்டுகளில் முதலில் வாசிக்கப்படுவது சூரியன் பற்றிய எண்கள். வானிலை அறிக்கை மாதிரி. இதைப் புரிந்துகொள்ள ஒரு சொல் தேவை: அயனி மண்டலம். தரையிலிருந்து 60 கிலோமீட்டரில் தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் வரை, சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்றணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிப் பிரித்து வைத்திருக்கும் பகுதி அது.

இந்தப் பகுதி 145 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகளைப் பெரும்பாலும் கடந்துபோக விட்டுவிடும். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிற்றலைகளையோ வளைத்துத் தரைக்குத் திருப்பும். குளத்தின் மேல் சாய்வாக எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்தித் தத்திப் போகிற மாதிரி, சிற்றலை வானுக்கும் தரைக்கும் இடையே தத்திக் கண்டம் விட்டுக் கண்டம் போகும். ரிப்பீட்டரும் இல்லை, செயற்கைக்கோளும் இல்லை.

ஆகவே சூரியன் சுறுசுறுப்பாக இருந்தால் அயனி மண்டலம் அடர்த்தியாகும், சிற்றலையின் மேல்பகுதி அலைவரிசைகள் தூரத்துக்கு எட்டும். சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறையும்போது, ஹாம்களின் எட்டும் தூரமும் கூடிக் குறையும். நெட்டில் ‘ஃபிளக்ஸ்’ என்று வாசிப்பது, சூரியனிலிருந்து 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வரும் வானொலி இரைச்சலின் அளவு. கனடாவில் 1947 முதல் இதை அளந்துவருகிறார்கள். 70ஐ ஒட்டி இருந்தால் சூரியன் அமைதி, 200ஐத் தாண்டினால் நல்ல சுறுசுறுப்பு. அடுத்து வரும் ‘கே’ எண் பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதைக் காட்டும். 0 முதல் 9 வரை போகும் இந்த எண் குறைவாக இருந்தால் ஹாமுக்கு நிம்மதி.

சில நாட்களில் சிற்றலை நெட் நடந்துகொண்டிருக்கும்போதே “பேண்டு (அலைவரிசைத் தொகுதி) செத்துப்போச்சு” என்பார்கள். அத்தனை குரல்களும் சட்டென்று மறைந்துவிடும். சூரியப் பிழம்பு ஒன்று வெடித்திருக்கலாம். அதன் எக்ஸ் கதிர்கள் ஒளியின் வேகத்தில் எட்டு நிமிடத்தில் வந்து சேர்ந்து, அயனி மண்டலத்தின் கீழடுக்கைத் தடிக்க வைக்கின்றன. அந்த அடுக்கு சிற்றலையை விழுங்கிவிடும். பூமியின் பகல் பக்கத்தில் மட்டும் இது நடக்கும். சூரியன் பிழம்போடு சேர்த்து வெளியே எறியும் துகள் மேகம் வருவதென்றால் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும், அதுதான் ‘கே’ எண்ணை உயர்த்தும். இரண்டும் ஒன்றே என்று பல இடங்களில் கலந்து எழுதுகிறார்கள். எட்டு நிமிடத்தில் வருவது கதிர், நாட்கணக்கில் வருவது துகள் என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

கிரகணமும் இவர்களுக்குச் சோதனைக்கூடம்தான். சந்திரன் சூரியனை மறைக்கும் சில நிமிடங்களில் அயனி மண்டலத்துக்குத் திடீர் மாலைப்பொழுது வந்துவிடுகிறது. 2017 ஆகஸ்ட் 21, 2024 ஏப்ரல் 8 ஆகிய நாட்களில் அமெரிக்கா வழியாகப் போன முழு சூரிய கிரகணங்களின்போது, ஹாம்கள் வேண்டுமென்றே நிறையத் தொடர்புகள் செய்து, யாருக்கு யார் எப்போது கேட்டார் என்ற பதிவுகளை ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள்.

எரிகல்லின் கீற்று, நிலவின் எதிரொலி

எரிகல் மழை நாட்களில் நெட் களைகட்டும். மணல் துகள் அளவுள்ள ஒரு துணுக்கு 80 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில் எரியும்போது, பின்னால் ஒரு கோடு மாதிரி அயனி வாயுவை விட்டுச்செல்கிறது. அந்தக் கோடு சில நொடிகள், பல நேரம் ஒரு நொடிக்கும் குறைவாக, வானொலிக் கண்ணாடியாக நிற்கும். அடிவானத்துக்கு அப்பாலிருந்து ஒரு குரலின் துண்டோ இசையின் துண்டோ அதில் பட்டுத் தெறித்து வந்து விழும். ஆகஸ்ட் 12, 13 வாக்கில் உச்சம் தொடும் பெர்சீட் மழைக்கும், டிசம்பர் 13, 14 வாக்கில் வரும் ஜெமினிட் மழைக்கும் காத்திருந்து எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். இதில் எனக்கு மிகப் பிடித்தது, மேகமோ பகலோ இதற்குத் தடையில்லை என்பது. கண்ணால் பார்க்க முடியாத எரிகல்லைக் காதால் எண்ணலாம்.

நிலவில் அலையை எறிந்து எதிரொலியைப் பிடிப்பவர்களும் உண்டு. 1946 ஜனவரியில் அமெரிக்க ராணுவத்தின் குழு ஒன்று இதை முதலில் செய்து காட்டியது. 1960 ஜூலையில் கலிபோர்னியாவிலும் மாசசூசெட்ஸிலும் இருந்த ஹாம் குழுக்கள் நிலவு வழியாக ஒருவரையொருவர் எட்டின. அலை போய்த் திரும்ப சுமார் இரண்டரை நொடி. நிலவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று புத்தகத்தில் படிப்பது வேறு, அனுப்பிவிட்டு இரண்டரை நொடி காத்திருப்பது வேறு.

இந்தப் பகுதியின் சாரம்: உயர் அலைவரிசைகள் நேராகப் போய் விண்வெளி நிலையத்தைத் தொடுகின்றன. சிற்றலைகள் அயனி மண்டலத்தில் வளைந்து திரும்புகின்றன. எரிகல்லும் நிலவும் அவ்வப்போது கண்ணாடியாகின்றன.

படமில்லாமல் வானத்தைக் காட்டுவது

குரல் நெட்டில் படம் காட்ட முடியாது. “அதோ, அந்தப் பிரகாசமான புள்ளி” என்று விரல் நீட்டவும் முடியாது. சொல்லாலேயே வானத்தைக் காட்ட வேண்டும். இதற்கு இரண்டு எண்கள் போதும். வடக்கில் தொடங்கிக் கிழக்கு வழியாக எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்பது ஒன்று. அடிவானத்திலிருந்து எத்தனை பாகை நிமிர வேண்டும் என்பது மற்றொன்று. கையை முழுதாக நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் பத்து பாகை. “தென்கிழக்கில், மூன்று முட்டி உயரத்தில் சனி” என்று நெட்டில் சொன்னால், கேட்பவர் மொட்டைமாடியில் நின்று கண்டுபிடித்துவிடலாம். ஆண்டெனாவைத் திருப்புவதற்கும் இதே இரண்டு எண்கள்தான். கண்ணுக்கும் ஆண்டெனாவுக்கும் ஒரே முகவரி.

நேரத்திலும் இந்த ஒற்றுமை உண்டு. வானியலாளர்களும் ஹாம்களும் நாட்டு நேரத்தை விட்டுவிட்டு, ‘யு.டி.சி.’ என்ற உலகப் பொது நேரத்தில்தான் குறிப்பெழுதுகிறார்கள். சிற்றலை நெட்டில் ஒருவருக்கு நள்ளிரவு, இன்னொருவருக்கு மதியம். பூமியின் தென்பாதியில் இருப்பவருக்கு வடபாதிக்காரர் பார்க்கும் வேட்டைக்காரன் விண்மீன்கூட்டம் தலைகீழாகத் தெரியும். இருவரும் ஒரே நெட்டில் அதை விவரித்துக் கேட்பது உருண்டையான பூமியைப் பற்றி நான் அறிந்த மிகச் சிறந்த பாடம்.

பழைய உறவு

வானொலிக்கும் வானியலுக்கும் உள்ள உறவு புதிதாக ஒட்டவைத்தது கிடையாது. 1930களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற பொறியாளர், தொலைபேசித் தொடர்புக்கு இடைஞ்சல் தரும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். ஓர் இரைச்சல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை வராமல், 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது. விண்மீன்கள் அதே இடத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் அது. அப்படியானால் இரைச்சல் சூரியனிலிருந்து வரவில்லை, பால்வீதியிலிருந்து வருகிறது என்று 1933இல் அறிவித்தார். வானொலி வானியல் பிறந்தது இப்படித்தான்.

அதை அடுத்து எடுத்துச் சென்றவர் ஒரு ஹாம். கிரோட் ரீபர், இல்லினாய்ஸ் மாநிலத்தின் வீட்டன் என்ற ஊரில், 1937இல், வீட்டுப் பின்புறத்தில் ஒன்பது மீட்டருக்கு மேல் அகலமுள்ள கிண்ண ஆண்டெனாவைத் தன் செலவில் கட்டினார். 3300 மெகாஹெர்ட்ஸில் தேடினார், ஒன்றும் கிடைக்கவில்லை. 900இல் தேடினார், அதிலும் இல்லை. 160இல் பால்வீதி கேட்டது. பிறகு வானத்தின் வானொலி வரைபடத்தையே வரைந்தார்.

1957 அக்டோபர் 4இல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்தபோது, 20.005 மெகாஹெர்ட்ஸில் அதன் துடிப்பை உலகெங்கும் ஹாம்கள் கேட்டார்கள். நான்கே ஆண்டுகளில், 1961 டிசம்பர் 12இல், ஹாம்களே கட்டிய ஆஸ்கார்-1 செயற்கைக்கோள் மேலே போனது. மோர்ஸ் குறியில் ‘ஹாய்’ என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது. அந்த ‘ஹாய்’ வரும் வேகத்தை வைத்துச் செயற்கைக்கோளுக்குள் எவ்வளவு வெப்பம் என்று கணக்கிட்டார்கள். 28 நாடுகளிலிருந்து 570க்கும் மேற்பட்ட ஹாம்கள் கேட்டதை எழுதி அனுப்பினார்கள். சிதறி இருக்கும் பலர், ஒரே ஒழுங்கில் கேட்டு, ஒரே இடத்தில் பதிவு செய்வது: இன்றைய விண்வெளி நெட் செய்வதும் அதே வேலைதான்.

எங்கிருந்து தொடங்குவது?

கேட்பதிலிருந்து. பல நாடுகளில் ஹாம் அலைவரிசைகளைக் கேட்க மட்டும் உரிமம் தேவையில்லை. உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கருவி இல்லையென்றாலும் பரவாயில்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ளது போல, இணையம் வழியாக யார் வேண்டுமானாலும் அலைவரிசையை மாற்றிக் கேட்கக்கூடிய வானொலி ஏற்பிகள் இருக்கின்றன. சிற்றலை ஹாம் பேச்சு எப்படி இருக்கும் என்று பழக இவை நல்ல வழி.

மூன்று நான்கு வாரம் கேட்டாலே நெட்டின் நடை பிடிபட்டுவிடும். ஒரு நோட்டில் அழைப்புக்குறிகளை எழுதிப் பாருங்கள். முதல் வாரம் பாதிகூடப் பிடிக்க முடியாது. அது எல்லோருக்கும் நடப்பதுதான்.

உரிமம் கிடைத்ததும் முதல் செக்-இன். நெட் கண்ட்ரோல் அழைத்து முடிக்கும் வரை பொறுங்கள். பொத்தானை அழுத்தி, ஒரு நொடி விட்டு, அழைப்புக்குறியை ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகச் சொல்லுங்கள், விட்டுவிடுங்கள். அழுத்திய உடனே பேசினால், ரிப்பீட்டர் விழித்துக்கொள்வதற்குள் முதல் எழுத்து போய்விடும். உங்கள் குறி திரும்பப் படிக்கப்படவில்லை என்றால் யாரோடோ மோதியிருக்கிறீர்கள். அடுத்த இடைவெளியில் மீண்டும் சொல்லுங்கள். முறை வரும்போது, இது முதல் தடவை என்று சொல்லிவிட்டு, நேற்றிரவு வானத்தில் பார்த்த ஒன்றைச் சொன்னால் போதும்: எந்தத் திசை, எத்தனை முட்டி உயரம், யு.டி.சி.யில் எத்தனை மணி.